பதினோரு மணி நேரத் தூரம்

கண்ணாடிக்காரர் தன் மாமியாருக்குப் பயந்து ஊரை மாற்றிக்கொண்டவர். வெளியில் கேட்டால் பெரிய ஊர், நல்ல வியாபாரம், கடைக்கு மேலேயே வீடு என்று காரணங்களை அடுக்குவார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் மாமியார்.

மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். பழைய ஊரில் மாமியார் வீட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் இரண்டு தெருதான் இடைவெளி. தினமும் சமையல் முடிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். யாராவது ஒரு பிரேமை மாட்டிக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால், "உங்க மூக்கு இதைத் தாங்காதும்மா" என்பார். ஒரு தலைமையாசிரியரிடம், "இது திருடிட்டு வந்து போட்ட மாதிரி இருக்கு சார்" என்று சொன்னார். கழற்றி வைத்துவிட்டுப் போன தலைமையாசிரியர் அந்தத் தெருப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், மாமியார் சொல்வது ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். திருடிய மாதிரிதான் இருந்தது.

புது ஊருக்குக் குடிவந்த முதல் வாரமே மாமியார் தொலைபேசியில் கேட்டார். "அங்க வர எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை?"

முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து மணி நேரம், காரில் நாலரை. வாயைத் திறக்கும் வரை கண்ணாடிக்காரரும் ஐந்து என்றுதான் சொல்ல நினைத்தார். "ஏழு மணி நேரம் ஆகும் அத்தை" என்றது வாய்.

பொய்யும் ஒரு குழந்தை மாதிரி வளர்ந்தது. அடுத்த மாதம் ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று எட்டானது. மழைக்காலத்தில் ஒரு பாலத்தில் விரிசல் விட்டது, ஒன்பதரை. பாலத்தைச் சுற்றிப் போகிற பாதையில் ஒரு சுரங்கக் கம்பெனி லாரிகள் வரிசை கட்டி நின்றன, பதினொன்று. பாலமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. நடுவில் ஒரு நாள், "விமானம் இல்லையா?" என்று மாமியார் கேட்டதற்கு, "இருக்கு அத்தை, ஆனா நேரா வராது. வேற ஊருக்குப் போய் அங்க ஏழு மணி நேரம் உக்காரணும்" என்றார். நேர் விமானம் தினமும் இரண்டு இருந்தது. ஐம்பது நிமிடம்.

வருஷத்துக்கு இரண்டு முறை கண்ணாடிக்காரரும் மனைவியும் பழைய ஊருக்குப் போவார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, மாமனார் வீட்டுத் தெரு முனையில் காரை ஓரங்கட்டுவார் கண்ணாடிக்காரர். தலையைக் கலைத்துக்கொள்வார். சட்டையை இரண்டு இடத்தில் கசக்குவார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விடியறதுக்கு முன்னாடி கிளம்பினது..." என்று முனகியபடி வீட்டுக்குள் நுழைவார். மனைவி ஒரு வார்த்தை பேசமாட்டாள். தனக்காகப் பெற்ற தாயிடமே மறைக்கிறாளே, இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று அவர் உள்ளுக்குள் உருகுவார்.

மாமனாருக்கு மட்டும் உறுத்தல் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் நகரப் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். யாராவது எட்டு மணி என்றால், கைக்கடிகாரத்தைப் பார்த்து "எட்டு மூணு" என்பார். முந்நூற்றுப் பத்தைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்தார். மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். "இதைவிட வேகமா நான் சைக்கிள்ல போயிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். ஆனால் மாப்பிள்ளை சொன்னதை வெளியில் போய் விசாரிப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்.

அப்படியே போயிருக்கும். மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ் குட்டையைக் குழப்பினார். ஒரு நாள் காலையில் பயிற்சி வகுப்பு என்று கண்ணாடிக்காரரின் ஊருக்குக் கிளம்பிய நர்ஸ், அன்று சாயந்திரமே திரும்பி வந்து மாடிப்படி ஏறினார்.

"என்னம்மா, போகலையா?" என்று மாமியார் கேட்டார்.

"போயிட்டு வந்துட்டேன் ஆன்ட்டி. ஃபிளைட்ல அம்பது நிமிஷம்தானே."

மாமியாரும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றே மாமனார் ஒரு முடிவுக்கு வந்தார். "நான் பஸ்ல போறேன். நீ விமானத்துல போ. ரெண்டு பேரும் ஒரே வழியில போனா ஒரு நேரம்தான் தெரியும்." நர்ஸ் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். புறப்படும் நேரம் இரண்டுக்கும் காலை எட்டு என்று பொருத்தமாக அமைந்தது.

அவர்கள் புறப்பட்ட நாளன்று காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பின்னால் பஸ் என்ஜின் சத்தம்.

"மாப்பிள்ளை, எட்டு மணி. பஸ் கிளம்பிடுச்சு. உங்க அத்தை ஏர்போர்ட்ல இருக்கா. ஒம்பதுக்கு முன்னாடி அங்க வந்து இறங்கிடுவா. கூட்டிட்டு வந்துடுங்க."

கண்ணாடிக்காரர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். வாயில் நுரையோடு, "ரெண்டு பேருமா?" என்றார்.

"ரெண்டு பேரும்தான். தனித்தனியா" என்று மாமனார் வைத்துவிட்டார்.

மனைவி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அன்று விடுப்பு எடுக்க முடியாத நாள். "நீங்க ஆரம்பிச்சது, நீங்களே பாத்துக்கோங்க" என்று கிளம்பிவிட்டாள்.

கண்ணாடிக்காரர் கடையைத் திறக்காமல் விமான நிலையத்துக்கு ஓடினார். ஒன்பது மணிக்கு அறிவிப்புப் பலகையில் மாமியாரின் விமானத்துக்கு நேராகத் 'தாமதம்' என்று சிவப்பு எழுத்தில் மின்னியது. பழைய ஊரில் மூடுபனியாம். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மூடுபனியை நேசித்தார். வானத்தை வானமே பார்த்துக்கொள்ளும், இனி பஸ்ஸை மட்டும் கவனித்தால் போதும் என்று தோன்றியது.

சரியாகப் பாதி வழியில் ஒரு பெரிய பஸ் நிலையம் உண்டு. அவரும் மனைவியும் காரில் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்தி டீ குடிப்பார்கள். ஒன்பதரைக்கு மாமனாரைக் கூப்பிட்டார்.

"மாமா, நடுவுல ஒரு பஸ் ஸ்டாண்ட் வரும். நீங்க அதை அவசியம் பாக்கணும். நாப்பது பிளாட்பாரம்."

"ம்."

"எல்லாத்துக்கும் ஒரே ஒரு டைம்கீப்பர்."

"நாப்பதுக்கு ஒருத்தனா?" என்றார் மாமனார், யாரோ இறந்த செய்தி கேட்டவர் போல.

"இறங்கிப் பாத்துட்டு அடுத்த பஸ்ல வாங்க மாமா. அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

இரண்டு மூன்று மணி நேரம் போனால் போதும், மிச்சத்தை டிராபிக் மேல் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

பதினொன்றரைக்கு மாமியாரின் விமானம் இந்த ஊருக்கு மேலே வந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாலேயே பார்த்தார். மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது, ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது, பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஓடுபாதையில் ஏதோ வண்டி பழுதாகி நின்றுவிட்டதாம். பலகையில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று வந்தது. தான் சொன்ன பொய்யை யாரோ மேலிருந்து நிறைவேற்றி வைக்கிறார்கள் என்று அவருக்குப் பயமாக இருந்தது. மாமனாரைக் கூப்பிட்டார். தொலைபேசி அணைந்திருந்தது.

மாமியார் கடைசியில் வெளியே வந்தபோது மணி நாலு. பெட்டி வரவில்லை. குடை மட்டும் கையில் இருந்தது. காலை ஐந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர். மாப்பிள்ளையைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி மாப்பிள்ளை. பதினோரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறையாது. வானத்துலயே ரோடு சரியில்லை."

"அத்தை..."

"உங்களைப் போய் சந்தேகப்பட்டோமே. இவருதான், வகுத்துப் பாரு, பெருக்கிப் பாருன்னு என் மனசைக் கெடுத்தாரு. மனசுல வச்சுக்காதீங்க."

கண்ணாடிக்காரர் அசடு வழியச் சிரித்தார். வெற்றி பெற்றவனுக்கு இவ்வளவு கேவலமாக இருக்கக் கூடாது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா எங்க?"

அப்பா வரவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பியவர் ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் இறங்கினாலும் நாலு மணிக்கு மேல் ஆக வழியில்லை. தொலைபேசி இன்னும் அணைந்தே இருந்தது. மாமியார் சாவதானமாகச் செருப்பைக் கழற்றினார். "அவருக்கு பதினோரு மணி நேரம்னா ஏழு மணிக்குத்தான் வருவாரு. எதுக்கு பதறுறே?" அறுபத்தேழு வயது மனிதரைத் தெரியாத ஊரில் இறக்கிவிட்டோமே என்ற எண்ணம் அப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு முழுசாக உறைத்தது.

"கிளம்பு. நாம எதிர்ல போய் கூட்டிட்டு வந்துடலாம்" என்று சாவியை எடுத்தார். "நானும் வர்றேன்" என்று மாமியாரும் ஏறிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்சீட்டில் குடையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார்.

குறட்டை சீரானதும் கண்ணாடிக்காரர் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னார். "நான்தான் மாமாவை நடுவுல இறங்கச் சொன்னேன். லேட்டாகட்டும்னு."

மனைவி சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"திட்டிடு" என்றார் அவர்.

"திட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு சொல்லணும்." நகத்தைக் கடித்தாள். "உங்கம்மாகிட்ட நான் பதிமூணுன்னு சொல்லியிருக்கேன்."

"எது பதிமூணு?"

"மணி நேரம்தான்."

கார் லேசாக ஆடியது. கண்ணாடிக்காரரின் அம்மா அதே பழைய ஊரில், மூத்த மகன் வீட்டில் இருந்தார். அதே ரோடு, அதே முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். 'அவ்வளவு தூரம் என்னால எப்படிடா வர முடியும்' என்று அம்மா சொல்லும்போதெல்லாம் வயசாகிவிட்டது, பாவம் என்று அவர் நினைத்திருந்தார். பேசாமல் தன் பொய்க்குத் துணை நின்ற மனைவியை நினைத்து உருகியதெல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது.

"எதுக்குடி பதிமூணு? நான் பதினொண்ணுதானே சொன்னேன்?"

"உங்கம்மா எங்கம்மாவைவிட தைரியசாலி. பதினொண்ணுன்னா வந்துடுவாங்க."

"எங்கம்மா உன்னை என்ன செஞ்சாங்க?"

"நான் துணி காயப்போட்டா, மறுபடியும் எடுத்து வேற மாதிரி காயப்போடுவாங்க. ஒரு நாளாவது நான் போட்டபடி காய விட்டாங்களா?"

"இதுக்கா?"

"உங்களுக்கு மூக்கு. எனக்குத் துணி."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. அப்போது பின்னாலிருந்து, குறட்டை இல்லாத தெளிவான குரல் வந்தது.

"அப்ப உண்மையில எத்தனை மணி நேரம்?"

கார் தானாகவே வேகம் குறைந்தது. கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தபடி காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு அத்தை. பஸ்ல."

"விமானத்துல?"

"அம்பது நிமிஷம். இன்னைக்குத்தான் அப்படி ஆயிடுச்சு."

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடையில நான் பேசுறது பிடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்க வந்தவங்க போயிடுறாங்க அத்தை."

"அதைச் சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் சரியாப் போயிருக்கும்." குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவை நீங்க வரும்போதும், இந்தப் பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பி இடுப்பு ஒடிய வருதுங்களேன்னு வெந்நீர் போட்டு வச்சுக்கிட்டு காத்திருப்பேன். தைலம் வேற வாங்கி வைப்பேன். போன தடவை உங்க மாமா குனிஞ்சு உங்க இடுப்புல தேய்ச்சு விட்டாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கண்ணாடிக்காரர் ஓரமாகக் காரை நிறுத்தினார். பின்னால் திரும்பி, "தப்புதான் அத்தை" என்றார். மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"சரி, ஓட்டுங்க" என்றார் மாமியார். "முதல்ல அவரைக் கண்டுபிடிப்போம். அப்புறம் நான் எல்லாருக்கும் சேத்து கோவிச்சுக்கிறேன்."

பஸ் நிலையத்தை அடைந்தபோது இருட்டி, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாற்பது பிளாட்பாரத்தில் எங்கே தேடுவது என்று மூவரும் திகைத்து நிற்கையில், தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பதினேழாம் பிளாட்பாரம், ரெண்டு நிமிஷம் லேட். டிரைவர் டீ குடிச்சது போதும். வண்டியை எடுங்க."

"அப்பா!" என்றாள் மனைவி.

கண்ணாடி போட்ட சின்ன அறையில், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த ஒரே டைம்கீப்பருக்குக் கடைவாய்ப் பல் வலி. காலையில் வந்து எட்டிப் பார்த்த பெரியவர் விஷயம் தெரிந்தவர் என்று கண்டதும், "பத்து நிமிஷம் பாத்துக்கோங்க, பல்லைப் பிடுங்கிட்டு வந்துடுறேன்" என்று போனவர்தான். வீங்கிய கன்னத்தோடு சாயந்திரம் திரும்பி வந்தவர், பஸ்களெல்லாம் நேரத்துக்குப் போவதைப் பார்த்து மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் தொலைபேசியைச் சார்ஜ் போட அங்கே பிளக் இல்லை. மாமனாருக்கு அது நினைவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

ஆனாலும் மாப்பிள்ளையைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "இங்க வர்ற வரைக்கும் ரெண்டு மணி இருபத்தெட்டு நிமிஷம் மாப்பிள்ளை. சரியா பாதி தூரம். மீதிப் பாதியில அப்படி என்ன இருக்கு? கடலா?"

"விடுங்க, மாப்பிள்ளை எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு" என்றார் மாமியார். "உங்க பொண்ணு இன்னும் மோசம். அவ மாமியார்கிட்ட பதிமூணுன்னு சொல்லியிருக்கா."

பதினொன்றைக்கூட மாமனார் பொறுத்துக்கொண்டிருப்பார். இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "ஒரே ரோட்டுக்கு ரெண்டு நேரமா? பாப்பா, ஒரு டைம்கீப்பர் பொண்ணா நீ?" மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் நாற்பது பிளாட்பாரத்துக்கும் அது கேட்டது. காத்திருந்த பயணிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் மாமியாரின் பெட்டி வந்து சேர்ந்தது. காபி குடித்ததும் மாமனார் மகளை உட்கார வைத்தார். "இப்பவே உன் மாமியாரைக் கூப்பிடு. அஞ்சு மணி நேரம்னு சொல்லு. கணக்கு நேராகட்டும்." எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார்.

மனைவி எண்ணை அழுத்தி, மறுமுனையில் எடுத்ததும் சொன்னாள். "அத்தை, உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். இங்க வர பதிமூணு மணி நேரமெல்லாம் ஆகாது. அஞ்சுதான். நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடிக்காரரின் அம்மா ரகசியக் குரலில் பேசினார்.

"அஞ்சுன்னு எனக்குத் தெரியாதாடி? பக்கத்து வீட்டுக்காரன் அந்த ரோட்டுல லாரி ஓட்டுறான். இப்ப எதுக்கு நீ இதையெல்லாம் சொல்லிக்கிட்டு? மூத்தவன் பொண்டாட்டி, போய் சின்னவன் வீட்டுல ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்கன்னு வாரம் ஒரு தடவை சொல்றா. பதிமூணு மணி நேரம் என் முதுகு தாங்காதும்மான்னு சொல்லி நான் பாட்டுக்கு என் ரூம்ல, என் டிவி முன்னாடி நிம்மதியா இருக்கேன். உன் வாயால அஞ்சுன்னு வேற யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

மகள் தந்தையைப் பார்த்தாள். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் தொலைபேசியின் பக்கம் குனிந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, நான்தான் பேசுறேன். நேத்து நானே அந்த ரோட்டுல வந்தேன். ரொம்ப மோசம். பதிமூணுக்குக் கீழே வாய்ப்பே இல்லை."